மழையில் பழைய காரை மாளிகைக்கு ஓட்டிப் போகலாமா?

கோவென்ட்ரியில் வசிக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "1960களில் தயாரான டிரையம்ஃப் ஹெரால்ட் கார் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். மடக்கும் கூரை கொண்டது. சென்னையில் என் அப்பா ஸ்டாண்டர்டு ஹெரால்ட் வைத்திருந்தார். அந்த ஆசையில் வாங்கியது. வரும் ஞாயிற்றுக்கிழமை லெஸ்டர்ஷயரில் ஒரு கிராமப்புற மாளிகையில் எங்கள் கார் சங்கத்தின் கோடைக் கூட்டம். நாள் முழுவதும் மழை, பிற்பகலில் காற்று என்று வானிலை அறிவிப்பு. சங்கத்தாரோ அறிவித்தபடி நடக்கும் என்கிறார்கள். இப்படிப்பட்ட நாளில் எதற்காக நடத்துகிறார்கள்? என் காரை நனைய விடலாமா? போவதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?"

போய் வாருங்கள். அந்தக் காரிலேயே போய் வாருங்கள். இதுபோன்ற கூட்டங்களில் பல ஆண்டுகளாக வாசலில் நின்று வண்டிகளை வரிசைப்படுத்தும் வேலையைச் செய்துவருகிறேன். மேலிருந்து விழும் மழையால் எந்தக் கூட்டமும் கெட்டு நான் பார்த்ததில்லை. கெடுப்பவை இரண்டு: காலுக்குக் கீழே ஊறிப்போன மண், தலைக்கு மேலே வீசும் காற்று. காரைப் பொறுத்தவரை, நனைவதால் வரும் கேட்டைவிட நனைந்ததை அப்படியே மூடி வைப்பதால் வரும் கேடு பல மடங்கு பெரியது. இவற்றைப் புரிந்துகொண்டால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில், ஏன் மாளிகை, ஏன் மழையிலும் நடத்துகிறார்கள் என்பது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனின் பெரிய குடும்பங்கள் வாரிசு வரியிலும் பராமரிப்புச் செலவிலும் திணறின. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. இடிக்க மனமில்லாதவர்கள் கதவைத் திறந்து டிக்கெட் போட்டார்கள். லாங்லீட் மாளிகை 1949இல் அப்படித் திறந்தது. 1950 மே மாதம் பெட்ரோல் ரேஷன் நீங்கியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காரில் கிளம்புவது ஒரு பழக்கமாகவே ஆனது. போய் இறங்க ஓர் இடம் வேண்டும், நிறுத்த விரிந்த புல்வெளி வேண்டும், தேநீர் வேண்டும். மாளிகைகளில் மூன்றும் இருந்தன.

இதில் ஹாம்ப்ஷயரின் பியூலி மாளிகைக்குத் தனி இடம் உண்டு. அதன் உரிமையாளரான மாண்டகு பிரபு 1952இல் வீட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, வேறு மாளிகைகளில் இருப்பதுபோன்ற விலைமதிப்பற்ற ஓவியக் குவியல் அவரிடம் இல்லை. அவருடைய தந்தை ஜான் மாண்டகு பிரிட்டனின் தொடக்க கால கார் ஆர்வலர்களுள் ஒருவர். 1902இல் கார்களுக்கென்றே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியவர். முதல் உலகப் போரின்போது, மோட்டார் போக்குவரத்து குறித்து இந்திய அரசுக்கு ஆலோசனை கூற அவர் வந்துகொண்டிருந்த பெர்சியா என்ற கப்பல் 1915 டிசம்பரில் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது, அவர் பிழைத்துக்கொண்டார். அந்தத் தந்தையின் நினைவாக ஐந்து பழைய கார்களை மகன் வீட்டின் முன்கூடத்திலேயே நிறுத்தினார். அந்த ஐந்து கார்களிலிருந்து வளர்ந்ததுதான் 1972இல் திறந்த தேசிய மோட்டார் அருங்காட்சியகம். பழைய காரும் பழைய வீடும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளலாம் என்பதை நாட்டுக்குக் காட்டியவர் அவர் என்றே நான் நினைக்கிறேன். இன்று உங்கள் சங்கம் போன்ற நூற்றுக்கணக்கான சங்கங்கள் கோடையில் மாளிகைகளைத் தேடிப் போவது அந்த வழியில்தான்.

ஆகவே இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் பிழைப்பு. புல்வெளியை மாதக்கணக்கில் முன்பே பேசி முடித்திருப்பார்கள். கழிப்பறை வண்டி, பெரிய கூடாரம், முதலுதவிக் குழு, காப்பீடு எல்லாவற்றுக்கும் முன்பணம் போயிருக்கும். மாளிகையின் கோடைகால ஞாயிறுகள் எண்ணிக்கையில் குறைவு. அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்றால் அடுத்த வாரம் அங்கே திருமணமோ குதிரைப் போட்டியோ இருக்கும். இங்கிலாந்துக் கோடையில் மழைக்காக ரத்துசெய்யத் தொடங்கினால் சங்கத்துக்கு நாட்காட்டியே மிஞ்சாது.

பணத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாட்டில் கார் ஓட்டும் பழக்கம் பிறந்ததே மழையில்தான். 1896 நவம்பர் 14 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. காருக்கு முன்னால் ஒருவர் நடந்துபோக வேண்டும் என்ற விதி நீங்கி, மணிக்கு 4 மைல் என்றிருந்த வேக வரம்பு 14 மைல் ஆனது. அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை கார்கள் புறப்பட்டன. அன்று மழையும் காற்றும். புறப்பட்டவை 33, போய்ச் சேர்ந்தவை 17 என்று பதிவு. அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்து 1927 முதல், போர்க்காலம் போன்ற இடைவெளிகள் தவிர, ஒவ்வொரு நவம்பரிலும் 1905க்கு முந்தைய கார்கள் அதே வழியில் ஓடுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. நூறு வயதைத் தாண்டிய அந்த வண்டிகள் நவம்பர் மழையில் ஓடும்போது, 1960களின் ஹெரால்டுக்கு ஜூலைத் தூறல் பெரிய சோதனை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் எப்போதுதான் நிறுத்த வேண்டும்? காற்று எழும்போது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. குட்வுட் மாளிகைத் தோட்டத்தில் 1993 முதல் நடக்கும் வேகத் திருவிழாவை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2023 ஜூலை 15, சனிக்கிழமை, அதன் வரலாற்றில் முதல்முறையாக ஒரு முழு நாளை ரத்துசெய்தார்கள். பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கைதான் காரணம். தற்காலிகக் கட்டுமானங்கள், கொடிக்கம்பங்கள், கூடாரங்கள், அவற்றின் நடுவே ஆயிரக்கணக்கான மக்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் அது சரியான முடிவு. ஞாயிறன்று கார்கள் மீண்டும் ஓடின.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்வு நீங்கள் போகும் அதே லெஸ்டர்ஷயரில் நடந்திருக்கிறது. லட்டர்வொர்த் ஊருக்கு அருகே ஸ்டான்ஃபோர்டு ஹால் என்ற மாளிகை இருக்கிறது. இன்றும் கார், மோட்டார் சைக்கிள் சங்கங்கள் விரும்பிக் கூடும் இடம். 1899 செப்டம்பர் 30 அன்று பெர்சி பில்ச்சர் என்ற இளம் பொறியாளர் அங்கே தன் புதிய பறக்கும் எந்திரத்தை விருந்தினர்களுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. சில நாட்களுக்கு முன் அதன் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் உடைந்துபோனது. அன்றைய வானிலையும் மோசம். வந்திருந்தவர்களை ஏமாற்ற மனமில்லாமல், பருந்து என்று பெயரிட்டிருந்த, எஞ்சின் இல்லாத தன் பழைய கிளைடரில் ஏறினார். மழையில் ஊறியிருந்த அதன் வால்பகுதி வானத்தில் முறிந்தது. சுமார் 30 அடி உயரத்திலிருந்து விழுந்து, இரண்டு நாள் கழித்து இறந்தார். ரைட் சகோதரர்கள் பறந்ததற்கு நான்கு ஆண்டுகள் முன்பு. அவர் விழுந்த வயலில் இன்று ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. கூட்டம் காத்திருக்கிறதே என்பதற்காக வானிலையை மீறுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியாது. எந்தச் சங்கத்தின் பொறுப்பாளரும் வாசலில் டிக்கெட்டோடு நிற்பவர்களின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சனிக்கிழமை மாலை வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். மழைக்கான மஞ்சள் எச்சரிக்கை என்றால் மழைச்சட்டையோடு கிளம்பலாம். காற்றுக்கான எச்சரிக்கை என்றால் சங்கத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் பேசிவிட்டுக் கிளம்புங்கள். எப்படியிருந்தாலும், காரின் பக்கத்தில் விரிக்கும் மடக்குக் கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காற்றில் கிளம்பும் அந்தக் கூடாரத்தின் இரும்புக் கால் பக்கத்து வண்டியின் பெயிண்டில் இழுக்கும் கோடு, ஒரு முழு நாள் மழை செய்யாத சேதத்தைச் செய்துவிடும்.

இனி மண். இந்த மாளிகைகளைச் சுற்றியுள்ள பூங்காக்களில் பல 18ஆம் நூற்றாண்டில் வடிவமைக்கப்பட்டவை. அந்தக் கலையில் பெயர்போனவர் கேப்பபிலிட்டி பிரவுன் என்று அழைக்கப்பட்டவர். வீட்டு வாசல்வரை தடையில்லாமல் புல், மெல்லச் சரிந்து கீழே ஓர் ஏரி, அங்கங்கே தனித்து நிற்கும் பெரிய ஓக் மரங்கள் என்பது அவர்கள் வகுத்த காட்சி. பார்க்க அழகு. கார் நிறுத்தும் பொறுப்பில் இருப்பவருக்கு அதே காட்சி வேறு பாடம் சொல்லும். ஏரிப்பக்கத்துத் தாழ்நிலத்தில் தண்ணீர் தேங்கும். சரிவில் ஈரப் புல் வழுக்கும். லெஸ்டர்ஷயர் போன்ற மத்தியப் பகுதிகளில் களிமண் அதிகம். மேலே பச்சையாகத் தெரியும், நூறு சக்கரம் ஏறியதும் குழைந்துவிடும். மாளிகைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி தோண்டிய ஒரு பள்ளமும் பல இடங்களில் உண்டு. மாடு தோட்டத்துக்குள் வராமல் தடுக்க அந்தக் காலத்தில் வெட்டியது. கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்போது அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே வேண்டாம்.

மழை நாளில் பலர் மரத்தடியில் நிறுத்த ஆசைப்படுவார்கள். பொறுப்பாளர் தடுத்தால் கோபிக்காதீர்கள். ஈரமண்ணின் மேல் வண்டி நின்றால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் போகாது. இருநூறு ஆண்டு நின்ற மரம் அதன் விளைவை உடனே காட்டாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்கும். காற்று நாளில் கிளை முறிந்து விழும் ஆபத்து வேறு. நிலத்துக்குப் பொறுப்பானவர் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வயலில் நடந்து பார்த்து, எந்தப் பகுதியைத் திறப்பது, எதைக் கயிறு கட்டி அடைப்பது என்று சொல்லிவிடுவார். நல்ல சங்கம் அவர் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்கும். வாசலில் அலுமினியத் தகடுகளோ மரச்சிராய்களோ போட்டிருந்தால், இந்தச் சங்கம் தன் வேலையை அறிந்தது என்று நீங்கள் நம்பலாம்.

உங்கள் காருக்கு வருகிறேன். ஹெரால்ட் 1959இல் வந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்தது. உங்கள் ஊரான கோவென்ட்ரியின் கேன்லி ஆலையோடு பிணைந்த கார். அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலும் அடித்தளமும் ஒன்றான கார்களுக்கு மாறிக்கொண்டிருக்க, ஹெரால்ட் சேஸிஸ் என்ற தனி அடிச்சட்டத்தின் மேல் துண்டுதுண்டான தகடுகளை போல்ட் போட்டுப் பொருத்திய காராகவே வந்தது. பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் கோப்பதற்கு இந்த அமைப்பு வசதி. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதைத் தயாரித்தது; பின்னாளில் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் அங்கே உருவானது. அப்பாவின் கார் எந்த ஆண்டு என்று கேட்டு வையுங்கள். சங்கத்தில் அதைப் பற்றிக் கேட்க ஆவலுள்ளவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஆனால் தகடுகள் சேரும் ஒவ்வோர் இணைப்பும் தண்ணீர் நுழையும் வழி. கால் வைக்கும் இடத்தில் ஈரம் கண்டால் பதற வேண்டாம். இந்தக் காரின் இயல்பு அது. மிதியடிக்குக் கீழே பழைய செய்தித்தாளைத் தடிமனாகப் போட்டு வையுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். ஒரு கம்பியை விட்டு அவற்றிலுள்ள அழுக்கைக் குத்தி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கோடை மழை சாலையில் உப்பைக் கொண்டுவராது. பழைய கார்களை அரிப்பது குளிர்காலத்தில் தூவும் உப்புதான். துளை திறந்திருந்து, தண்ணீர் தேங்காமல் இருந்தால் ஒரு நாள் மழை தகட்டை ஒன்றும் செய்யாது.

கவனிக்க வேண்டியது ஓட்டும் முறை. ஹெரால்டின் பின்பக்கத்தில் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்கும். அதிலிருந்து இரு பக்கமும் அரை ஆக்சில்கள் ஊசலாடும். வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பகுதி மேலெழும்பி சக்கரங்கள் உள்ளே மடங்கும். பிடிமானம் போய் வால் வெளியே வீசும். உலர்ந்த சாலையிலேயே இது நடக்கும். ஈரச் சாலையில் எச்சரிக்கையில்லாமல் நடக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவு முடியும்வரை காலைச் சீராக வைத்திருங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

டயரையும் பாருங்கள். குறைவாக ஓடும் காரில் டயரின் பூவேலை புதிதுபோல் இருக்கும், ரப்பர் கல்லாகியிருக்கும். ஈரத்தில் அது பிடிக்காது. பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால், பூவேலை எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிட்டே மழையில் இறங்குங்கள். 40 ஆண்டைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. உங்களுக்காக வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்பதே அதன் பொருள். பிரேக் டிரம் நனைந்தால் பெடலை மிதித்தும் வண்டி சற்றுத் தாமதமாகவே நிற்கும். தேங்கிய நீரைக் கடந்ததும், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் சூட்டில் உலர்ந்துவிடும்.

பிறகு மின்சாரம். உங்கள் காரில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட இன்னும் பழைய டைனமோ இருந்தால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. மாளிகை வாசலில் வரிசை நீளும்போது முகப்பு விளக்கு, வைப்பர், ஹீட்டர் மூன்றையும் ஓடவிட்டு நின்றால் பேட்டரியிலிருந்துதான் போகும். அங்கே சிறுவிளக்கு போதும்.

மழையில் நின்றுபோகும் கார்களில் அதிகம் பார்த்தது மினிதான். 1959இல் அலெக் இஸிகோனிஸ் அதன் எஞ்சினைக் குறுக்கே வைத்தபோது பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், கிரில்லுக்கு நேர் பின்னால் வந்து அமர்ந்தது. எதிரே வரும் மழை நேராக அதன்மேல் அடிக்கும். ஒரு கூட்டத்தில் மாளிகையின் நுழைவுச் சாலை நடுவே ஒரு மினி நின்றுவிட்டது. ஓட்டிவந்த பெண்மணி அலட்டிக்கொள்ளவில்லை. பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்து உள்ளும் புறமும் துடைத்தார். டிக்கியிலிருந்து பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து விரல் நுனிகளைக் கத்தரித்தார். நான்கு பிளக் வயர்கள், காயிலிலிருந்து வரும் ஒரு வயர், மொத்தம் ஐந்து. ஐந்து விரலிலும் ஒவ்வொன்றாக நுழைத்து, கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை மூடியின் மேல் இழுத்துவிட்டார். இரண்டாவது முறை சாவி திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டின் மினிக்காரர்களிடையே தலைமுறையாக வழங்கிவரும் வைத்தியம் இது. உங்கள் காருக்குக் கையுறை தேவைப்படாது என்றாலும், ஓர் உலர்ந்த துணியும் ஈரத்தை விரட்டும் ஸ்பிரே ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும்.

போகும் வழியில் ஃபோர்டு பாப்புலர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் பொறுமையாக இருங்கள். அதன் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுவையில் ஓடுவது. மேட்டில் ஏற ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை குறைந்து வைப்பர் தூங்கிவிடும். ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதற்காகவே அடிக்கடி காலை எடுப்பார். வண்டி தயங்கித் தயங்கி ஏறும். ஒலி எழுப்பாதீர்கள்.

வயலுக்குள் நுழைந்ததும் இரண்டாவது கியர், குறைந்த வேகம், நிற்காமல் ஓடுங்கள். ஈரப் புல்லில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். நிறுத்தும்போது முகப்பு சரிவுக்குக் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மாலையில் கிளம்புவது எளிது. இழுவை பின்சக்கரத்தில் இருக்கும் வண்டிக்கு வால் கனமாக இருந்தால் நல்லது, ஆகவே கூடை, நாற்காலி எல்லாவற்றையும் கிளம்பும்போது மறுபடியும் டிக்கியிலேயே ஏற்றுங்கள். சக்கரம் சுழன்றால் உடனே நிறுத்துங்கள். மிதிக்க மிதிக்க நீங்களே குழி தோண்டுகிறீர்கள். நாலு பேர் தள்ளினால் ஹெரால்ட் நகரும். தள்ளியும் வராவிட்டால் டிராக்டர் வரும். கயிற்றை சேஸிஸில் மட்டும் கட்டச் சொல்லுங்கள், பம்பரிலோ ஸ்பிரிங்கிலோ வேண்டாம். டிராக்டர்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்களே குனிந்து பார்த்த பிறகு கை காட்டுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மழை நாளில் கார்கள் குறைவாகத்தான் வரும். பாலிஷ் போட்டு இழுவண்டியில் ஏற்றி வரும் கார்கள் வீட்டிலேயே இருந்துவிடும். வருபவை ஓடுகிற கார்கள். வருபவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே பழுது பார்க்கிறவர்கள். நல்ல வெயில் நாளில் ஒரு ஹெரால்ட்காரரிடம் ஐந்து நிமிடம் பேச வரிசையில் நிற்க வேண்டும். மழையில் அவரே தன் குடையை உங்கள் பானெட்டின் மேல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைத் தொட்டுக்காட்டிச் சொல்லித்தருவார். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்னால் கவிழும் என்பதால் எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் அத்தனையும் திறந்து கிடக்கும். கற்றுக்கொள்ள அதைவிட வசதியான கார் குறைவு. குழந்தைகளுக்கு மாற்று உடையும் முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸும் எடுத்துப்போனால் அவர்களுக்குச் சேறே விளையாட்டு. தேநீர்க் கூடத்தில் மதியத்துக்கு இடம் கிடைக்காது, பதினொரு மணிக்கே போய்விடுங்கள். மாளிகைக்குள் சுற்றிக் காட்டுவார்களா என்றும் கேளுங்கள். மழை நாளில் கூடத்தில் நெருப்பு மூட்டியிருப்பார்கள்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டியவை மிக முக்கியம். ஈரக் காரின் மேல் தண்ணீர் புகாத உறையைப் போடவே கூடாது. உள்ளே ஆவி அடைபட்டு, மழை தொடாத இடத்தையும் நனைத்துவிடும். கூரையை ஈரமாக மடக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நன்றாகக் காயும்வரை விரித்தே இருக்கட்டும். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லையென்றால் கீறல் விழும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கை பிரேக்கை விடுவித்துவிடுங்கள். ஈர டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டால் மறுவாரம் வண்டி நகராது. தரைவிரிப்பைத் தூக்கிக் காயப் போடுங்கள். மறுநாள் அடிப்பகுதிச் சேற்றைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். அழுத்தம் அதிகமுள்ள எந்திரம் வேண்டாம், அது சேற்றை இணைப்புகளுக்குள்ளேயே தள்ளும்.

கடைசியாக, முன்சக்கரங்களின் அடியில் உள்ள ட்ரன்னியன் என்ற பித்தளை இணைப்பு. முன்சக்கரம் திரும்புவது அதன் மேல்தான். அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, ஈபி 90 என்ற வகை கியர் ஆயில் செலுத்த வேண்டும். உள்ளே தண்ணீர் புகுந்து எண்ணெய் வற்றினால் அதில் திருகிய எஃகுத் தண்டு அரித்து ஒருநாள் முறியும். சக்கரம் அப்படியே மடங்கிவிடும். மழையில் ஓடிய பிறகு இரு பக்கமும், பழைய அழுக்கு நீர் வெளியேறிப் புதிய எண்ணெய் எட்டிப்பார்க்கும்வரை செலுத்துங்கள். அதை முடித்துவிட்டு, அந்த வாரத்திலேயே உலர்ந்த ஒரு மாலையில் பத்து மைல் ஓட்டி வாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கிய ஈரமும் போய்விடும், பிரேக்குகள் சரியாகப் பிடிக்கின்றனவா என்றும் தெரிந்துவிடும்.